‘களைப்பு’ என்ற ஒரு சொல்: வெளிநாட்டில் படித்து வந்த ஒரு மருத்துவரின் ஈஆர்பிஎம் தயாரிப்பு – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒருவரைப் பற்றியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்து சீனாவில் மருத்துவம் படித்து வந்த ஒரு பெண். இலங்கையில் வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான ஈஆர்பிஎம் பரீட்சைக்கு அவர் தயாரான காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வைத்தியரான என்னிடம், ஆரையம்பதியில் உள்ள என் வீட்டுக்கு வந்து படித்தார். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். படிப்பு சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

வெளிநாட்டில் முடித்து வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “சேர், எந்தப் புத்தகம் படிக்கலாம்?” என்றுதான். இந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்டது. எல்லாப் புத்தகமும் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. ஈஆர்பிஎம்மை நடத்துவது இலங்கை மருத்துவ சபை. பழைய ஆட்கள் இன்னும் ‘அக்ட் சிக்ஸ்டீன்’ என்றே சொல்வார்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர் இதைத் தாண்டாமல் உள்ளகப் பயிற்சிக்குப் போக முடியாது. உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். அதை முடிக்காமல் முழுப் பதிவு இல்லை. பரீட்சையில் எம்சிகியூ என்கிற பல்தேர்வு வினாத்தாள் ஒரு பகுதி, நோயாளியை முன்னால் வைத்துக் கேட்கிற கிளினிக்கல் ஒரு பகுதி. சட்ட மருத்துவமும் சமுதாய மருத்துவமும் தனித்தனிப் பகுதிகள். கடைசி இரண்டையும் எல்லாரும் குறைவாக எடைபோடுவார்கள். அந்த இரண்டில்தான் இந்த நாட்டுச் சட்டமும் படிவமும் தடுப்பூசி அட்டவணையும் வருகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அவற்றைச் சொல்லிக்கொடுக்காது.

பின்னணி

2016 இல் அவர் சீனாவுக்குப் போனார். தகப்பன் ஐந்து ஏக்கர் வயலை ஈடு வைத்து அனுப்பினார். வகுப்பறைப் பாடம் ஆங்கிலத்தில், வார்ட்டில் நோயாளி பேசுவது சீன மொழியில். முதல் மூன்று வருடம் புத்தகப் படிப்பு, நாலாம் வருடத்தில்தான் ஆஸ்பத்திரி தொடங்கியது. 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் கொரோனாவால் திரும்பிப் போக முடியாமல் போய்விட்டது. 2022 கடைசி வரைக்கும் கிளினிக்கல் பாடம் முழுவதும் கைபேசியில்தான் நடந்தது. நுரையீரல் சத்தங்களைக் காதொலிக் கருவியில் கேட்க வேண்டிய வயதில், அந்தப் பிள்ளை அவற்றை இயர்போனில் கேட்டிருக்கிறது. படுவான்கரையில் அப்போது சிக்னலும் சரியில்லை; மாமரத்தடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கதிரை போட்டால்தான் வகுப்பு தடைப்படாது. பிறகு திரும்பிப் போய் கடைசி வருடப் பயிற்சியை முடித்து, 2023 இல் பட்டத்தோடு வந்தார்.

இதைச் சொல்வது யாரையும் குறை சொல்ல அல்ல. நோயாளியோடு அவர் தாமாகப் பேசிய நேரம் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டத்தான். சீனாவில் இருந்த காலத்திலும் நோயாளியிடம் வரலாறு கேட்டது உள்நாட்டு மாணவர்கள், இவர் பக்கத்தில் நின்றார்.

ஊரில் வேறொரு பாரம். கலியாண வீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் “டொக்டர் புள்ள வந்திட்டா” என்பார்கள். அடுத்த கேள்வி, “எந்த ஆஸ்பத்திரியில வேல?” ஒரு பனடோல் துண்டுகூட எழுதிக் கொடுக்க உரிமையில்லாத டொக்டர் என்று எப்படி விளங்கப்படுத்துவது? முதல்முறை எம்சிகியூவில் பெயிலான பிறகு அவர் கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். தகப்பன் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து விட்டார். வாசலில் நின்றபடி, “சேர், புள்ள நல்லாப் படிக்கும். என்ன பிழைக்கிதெண்டு எங்களுக்கு விளங்கல்ல” என்றார்.

எங்கே பிழைத்தது

முதல் மாதம் நான் எதையும் படிப்பிக்கவில்லை. பழைய வினாக்களைச் செய்யவிட்டு, பிழைத்ததை மட்டும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதச் சொன்னேன். விடையை எழுதவேண்டாம், ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுது என்றேன். ஒரு மாதம் கழித்து இருவரும் அதை இருந்து வாசித்தோம். தெரியாததால் பிழைத்தவை நான் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தன. பெரும்பாலானவை வேறு நாட்டு விடைகள்.

டெங்கு ஒரு உதாரணம். 2017 இல் மட்டும் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் வார்ட் நிரம்பும். இவருக்கு டெங்கு வைரஸின் நாலு வகையும் தெரியும், பிறபொருளெதிரி பற்றிய கொள்கையும் தெரியும். “50 கிலோ ஆள், இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிகிற கிரிட்டிக்கல் கட்டத்துக்குள் போய்விட்டார். 48 மணித்தியாலத்துக்கு எவ்வளவு திரவம்?” என்று கேட்டால் பேனை நின்றுவிடும். இலங்கை வழிகாட்டியில் இது ஒரு கணக்கு. முதல் 10 கிலோவுக்கு 1000, அடுத்த 10 கிலோவுக்கு 500, மிச்சம் 30 கிலோவுக்கு 20 படி 600. ஆக 2100 மில்லிலீற்றர். அதோடு கிலோவுக்கு 50 படி 2500. மொத்தம் 4600. இது ஊற்றித் தீர்க்கவேண்டிய அளவல்ல. நாடி அமுக்கத்தையும் சிறுநீர் போகிற அளவையும் பார்த்துப் பார்த்து, அந்த எல்லைக்குள் நின்று செலவழிக்கிற அளவு. ஒரு வருட உள்ளகப் பயிற்சியில் ஒரு பயிற்சி வைத்தியர் இந்தக் கணக்கை நூறு தடவை போடுவார். பரீட்சை அதைக் கேட்பது நியாயம்தான்.

இன்னொரு வினாவை நான் மறக்கமாட்டேன். பழைய வினா அல்ல, நானே எழுதினது. அறுவடைக் காலம், வயல் வாடியில் பாயில் படுத்திருந்த 35 வயது ஆண், சாமம் மூன்று மணிக்குக் கடும் வயிற்று நோவோடு எழும்புகிறார். ஒரு தடவை சத்தி. உடம்பில் வீக்கம் இல்லை, காயம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது இமை இரண்டும் கீழே சரிகின்றன. என்ன? அவர் கணைய அழற்சி என்று தொடங்கினார், பிறகு இமைக்காக மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் என்றார், இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் விட்டுவிட்டார்.

அன்று இரவு சாப்பிடும்போது தகப்பனிடம் இதைக் கதைபோலச் சொல்லியிருக்கிறார். தகப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “பாம்பு தீண்டியிருக்கும். விரியன். கடிச்ச இடம் தெரியாது. போன வேளாண்மைவெட்டுக்குள்ள நம்மட வாடியிலயே ஒருத்தருக்கு இப்புடித்தானே” என்றாராம்.

அடுத்த நாள் இதைச் சொல்லும்போது பிள்ளையின் கண் கலங்கிப்போயிருந்தது. “சேர், அந்த மாமாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டதே நான்தான்” என்றார்.

கட்டுவிரியன் கடி அப்படித்தான் வரும். இரவில், தரையில் படுத்திருப்பவரை, வீக்கமில்லாமல், வயிற்று நோவோடு. பிறகு இமை, பிறகு விழுங்குதல், பிறகு மூச்சு. நேரத்துக்கு வென்டிலேட்டரில் போட்டால் ஆள் பிழைப்பார். அது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. படுவான்கரையில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வினாத்தாளைக் கையில் எடுத்தவுடன் அந்த அறிவு எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. ஊரில் கற்றது ஒரு பெட்டியில், மருத்துவம் இன்னொரு பெட்டியில். அவருடைய பிரச்சினை இதுதான் என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் பட்டது.

அதற்குப் பிறகு கொப்பியின் இடது பக்கம் ஊருக்கு, வலது பக்கம் புத்தகத்துக்கு என்று பிரித்தோம். இடது பக்கத்தில் அலரி விதை அரைத்துக் குடித்த பெண், வலது பக்கத்தில் இதயத் துடிப்பு குறைவதும் இதயத் தடையும். இடது பக்கத்தில் கண்ணாடி விரியன், வலது பக்கத்தில் 20 நிமிட இரத்த உறைவுப் பரிசோதனை. அதற்கு வேண்டியது சுத்தமான, காய்ந்த ஒரு கண்ணாடிக் குழாய் மட்டும்தான். இரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். ஓடினால் உறையவில்லை, விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. நம் கையில் இருக்கிற இந்திய விஷமுறிவு மருந்து மூக்கு நிமிர்ந்த சின்ன விரியனுக்கு வேலைசெய்யாது என்பதையும் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார். நாடு முழுவதும் பார்த்தால் விஷப்பாம்புகளில் அதுதான் அதிகம் கடிக்கும்.

இரண்டாம் தடவை எம்சிகியூ பாஸ். மயிரிழையில்தான், ஆனாலும் பாஸ்.

களைப்பு

கிளினிக்கலுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. பின்னேரம் என் சிகிச்சை நிலையத்தில் ஒரு மூலையில் கதிரை போட்டுக் கொடுத்தேன். நோயாளி ஓம் என்றால் மட்டும் வரலாறு கேட்கலாம், மருந்து பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பதிவில்லாதவர் வைத்தியம் செய்ய முடியாது. அதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் 48 வயதுப் பெண்ணொருவர் வந்தார். பிள்ளை போய் இருந்து, பவ்வியமாகக் கேட்டார்: “அம்மா, உங்களுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறதா?”

“அப்புடி ஒண்டும் இல்ல மகள். களைப்புத்தான்.”

பிள்ளை உடற்சோர்வு என்று ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு தூக்கம், சாப்பாடு, மனநிலை, மாதவிடாய் எல்லாம் ஒழுங்காகக் கேட்டார். இருபது நிமிடம். என்னிடம் வந்து, இரத்தச்சோகை அல்லது தைரொயிட் குறைபாடு என்றார்.

நான் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்து, “எங்க போனா களைக்குது அம்மா?” என்று கேட்டேன்.

“கிணத்தடியில இருந்து ஒரு வாளி தண்ணி கொண்டாறத்துக்குள்ள ரெண்டு இடத்தில நிக்கணும் டொக்டர். முந்தி மாமாங்கக் கோயிலுக்கு நடந்தே போவன்.”

“ராவைக்குப் படுக்க ஏலுமா?”

“நீட்டி நிமிந்து படுக்க ஏலா. ரெண்டு தலகாணி வேணும். மறுகா சாமத்தில எழும்பிக் குந்துவன்.”

“சின்ன வயசில மூட்டுக் காய்ச்சல் ஏதும்?”

“ஓம். மாசா மாசம் ஊசி போட்டவங்க. கலியாணத்துக்குப் பிறகு விட்டிட்டன்.”

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. நம் பக்கத்தில் களைப்பு என்றால் சோர்வும்தான், மூச்சு வாங்குவதும்தான். “களைக்குது” என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அது அவருக்குத் தெரியாதா? வீட்டில் அம்மம்மா “களைக்குது” என்றால் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போடுகிற பிள்ளை அது. வெள்ளைக் கோட்டோடு வந்து உட்கார்ந்தவுடன் பாடப்புத்தகத் தமிழில் கேட்டது, பதிலையும் பாடப்புத்தகத் தமிழில் விளங்கிக்கொண்டது.

அந்தப் பெண்ணை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, காதொலிக் கருவியின் சின்ன மணிப் பக்கத்தை இதய நுனியில் மெதுவாக வைத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொன்னேன். பிறகு பிள்ளையின் காதில் கொடுத்தேன். மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் விட்டுப்போகிற மைட்ரல் வால்வு சுருக்கத்தின் அந்தத் தாழ்ந்த உருளல் சத்தம், தூரத்தில் பாலத்தில் லொறி போகிற மாதிரி. அவர் எத்தனையோ பதிவுகளில் கேட்ட சத்தம், ஒரு மனிதரின் நெஞ்சில் கேட்டது அன்றுதான் முதல்தடவை. ஒரு நிமிடத்துக்கு மேல் எழும்பவில்லை. அந்தப் பெண் அன்றே இதய நிபுணரிடம் அனுப்பப்பட்டார்.

அன்றிலிருந்து இன்னொரு கொப்பி தொடங்கியது, சொற்களுக்கு மட்டும். முட்டு என்றால் ஆஸ்துமா. விறைப்பு என்றால் மரத்துப்போவது. எழுத்துத் தமிழில் அது இறுக்கம், அப்படி மொழிபெயர்த்தால் நரம்பு வருத்தம் தசை வருத்தமாகிவிடும். நாரி நோவு, கைகால் உளைவு, தலைக் கிறுதி, வகுத்தால போகுது, செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல். கிறுதி என்றால் உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று அடுத்த கேள்வியும் பக்கத்திலேயே. காத்தான்குடியில் இருந்து வருகிற தாய்மாரிடமும் வெல்லாவெளியில் இருந்து வருகிற தாய்மாரிடமும் கேட்டு எழுதினார். நூற்றுக்கு மேல் சேர்ந்தது. எனக்கே தெரியாத சில சொற்கள் அதில் இருந்தன.

கிளினிக்கலில் ஒருமுறை பெயில்

இவ்வளவுக்குப் பிறகும் முதல் கிளினிக்கலில் பெயிலானார். பாடுமீன் இரவு ரயிலில் கொழும்புக்குப் போனவர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். பெறுபேறு வருமுன்னே அவருக்குத் தெரிந்திருந்தது. “நோயாளி சொன்னதெல்லாம் எனக்கு விளங்கிச்சு சேர். நான் சொன்னதுதான் பரீட்சகருக்கு விளங்கல்ல.”

இதில் என் பிழையும் உண்டு. கேட்கப் பழக்கினேன், சொல்லப் பழக்கவில்லை. எம்சிகியூவுக்கென்று முதல் ஐந்து மாதத்தையும் கொடுத்துவிட்டு, கிளினிக்கலைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததும் நான்தான். இப்போது வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே கதிரை போட்டுக் கொடுக்கிறேன்.

நோயாளியைப் பற்றிப் பரீட்சகருக்குச் சொல்கிற மாதிரி அவரைச் சொல்லவைத்து, அதைப் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். பெயர், வயது, ஊர், தொழில், எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று எல்லாம் வரிசையாகப் போகிறது. ஆறாவது நிமிடத்திலும் அந்த நோயாளிக்கு என்ன பிரச்சினை என்று கேட்பவருக்குத் தெரியாது. பதறிய குரலில் தகவல் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. எந்த நோயாளியைப் பார்த்தாலும் முதலில் ஒரே வசனம். “சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து ஊசியை இடையில் நிறுத்திய 48 வயதுப் பெண், ஒரு வருடமாக நடக்கும்போது மூச்சு வாங்குகிறது, இப்போது படுத்தாலும் வாங்குகிறது.” ஆங்கிலத்தில், ஒரே மூச்சில், பரீட்சகரின் கண்ணைப் பார்த்து. அதைச் சொன்ன பிறகுதான் மிச்சம். அக்கரைப்பற்றில் ரஷ்யாவில் படித்து வந்த ஒரு தம்பி இருந்தார்; அவரும் இதே பரீட்சைக்கு. காலை ஐந்து மணிக்கு இருவரும் வட்ஸ்அப்பில், ஐந்து நிமிடம் ஒருவர், ஐந்து நிமிடம் மற்றவர். ஒருவர் நோயாளி, ஒருவர் வைத்தியர், பிறகு மாறுவார்கள். தம்பிக்கு நோயாளியாக நடிப்பதில் அசாத்தியத் திறமை. அக்கரைப்பற்றுச் சொல்லெல்லாம் போட்டுக் குழப்புவாராம். ஐந்து மாதம் இது ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிள்ளை மீண்டுவந்ததற்கு நானோ புத்தகமோ செய்ததைவிட இந்த ஐந்து மணி அழைப்பு செய்தது அதிகம் என்று நம்புகிறேன்.

மற்ற இரண்டு பாடங்கள்

சட்ட மருத்துவத்திலும் சமுதாய மருத்துவத்திலும் முதல்தடவையிலேயே தேறிவிட்டார். சட்ட மருத்துவத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 310, 311 ஆம் பிரிவுகளை, காயம் எது கடுங்காயம் எது என்று, உதாரணத்தோடு பிரித்துப் படித்தார். பல் விழுந்தால், எலும்பு முறிந்தால், வெறும் சிராய்ப்பு என்றால் என்று கேட்டுக் கேட்டு. பொலிஸ் கொண்டுவருகிற மருத்துவச் சட்டப் படிவத்தை வெறும் தாளில் முப்பது தடவையாவது நிரப்பியிருப்பார்.

சமுதாய மருத்துவத்துக்கு நல்ல ஆசிரியை ஊரிலேயே இருந்தார். அவருடைய கிராமத்துக் குடும்ப நல உத்தியோகத்தர், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற அம்மா. மாதத்தில் ஒரு நாள் நிறை பார்க்கிற கிளினிக்கில் பிள்ளை போய் இருக்கும். ஒன்பது மாதத்தில் எம்எம்ஆர், ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, மூன்று வயதில் மறுபடி எம்எம்ஆர் என்பதை அட்டவணையில் பார்த்துப் பாடமாக்குவது ஒன்று. எந்தப் பிள்ளைக்கு இன்று எது என்று வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டிச் சொல்வது வேறு. சந்தேகமான டெங்கு என்றால், தொற்றுநோயை அறிவிக்கிற எச் 544 படிவம் வார்ட்டில் இருந்து சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகும், அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். அந்த வழியை மிஸ்ஸி ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்தார். திரிபோஷா சத்துமா வாங்க வந்த தாயொருவர், “இந்தப் புள்ளயும் டொக்டராமே, ஏன் இஞ்ச இருக்கு?” என்று கேட்க, மிஸ்ஸி சொன்ன பதில்: “இஞ்ச இருந்தாத்தான் அங்க போகலாம்.” இதை என்னிடம் சொன்னபோது பிள்ளை சிரித்தது. அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் அதிகமில்லை.

கொழும்பில் அவர் பணம் கட்டிய ஒரு தனியார் வகுப்பு பற்றியும் சொல்லவேண்டும். பழைய பரீட்சைக்குப் போனவர்கள் ஞாபகத்தில் எழுதிக்கொடுத்த வினாக்களை போட்டோகொப்பி அடித்து, பெரிய விலைக்கு விற்றார்கள். பாதிக்குமேல் விடை பிழை. ஈடு வைத்த வயலின் காசு அது. நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கும். பழைய வினா தேவைதான். ஆனால் விடையை நீங்களே புத்தகத்திலும் இலங்கை வழிகாட்டிகளிலும் தேடி எழுதாதவரை அது வெறும் கடதாசி.

பெறுபேறு

இரண்டாம் கிளினிக்கலில் தேறினார். பெறுபேறு வந்த பின்னேரம் தகப்பன் மறுபடியும் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு மூட்டை அரிசி, புதுசு, அந்தப் போகத்தது. எதுவும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

ஒரு ஆளின் கதையை வைத்து எல்லாருக்கும் வழி சொல்ல முடியாது. இவருக்கு ஒரு மிஸ்ஸி கிடைத்தார், ஐந்து மணிக்கு எழும்புகிற ஒரு தம்பி கிடைத்தார், பின்னால் நின்ற ஒரு வீடு கிடைத்தது. டவுனில் தனியாக அறை எடுத்துப் படிக்கிற, மூன்றாம் நாலாம் தடவை பெயிலாகி யாரிடமும் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அறிவு குறைவென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆஸ்பத்திரிகளில் விசேட வைத்திய நிபுணர்கள் அனுமதித்தால், இப்படிப்பட்டவர்கள் பார்வையாளராக ஒரு வார்ட் சுற்றில் நின்றுவிட்டுப் போகலாம். வார்ட்டில் ஒரு ஓரம் போதும்.

உள்ளகப் பயிற்சிக்கு அவருக்குக் கிடைத்தது சிங்களப் பிரதேசத்தில் ஒரு ஆஸ்பத்திரி. போய் இரண்டாம் வாரம் இரவு பத்து மணிக்கு அழைத்தார். “சேர், இஞ்ச களைப்புக்கு ரெண்டு சொல் இருக்கு. மூச்சு வாங்கினா ஹதிய. சோர்வெண்டா மஹன்சி. பிரிச்சுத்தான் சொல்றாங்க.” பின்னால் வார்ட்டில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. “கொப்பியில எழுதிட்டன். கிறுதிக்கு என்ன சொல்லெண்டு நாளைக்குக் கேக்கணும்.”

படுவான்கரைச் சொற்கள் எழுதின முதல் கொப்பி இப்போது அக்கரைப்பற்றுத் தம்பியிடம் இருக்கிறது. அவருக்குக் கிளினிக்கல் வருகிற தவணையில்.